காட்டுத் தீயைத் தடுப்பதும் அடக்குவதும்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுத் தீ என்றதும் நம் ஆட்களுக்கு நீலகிரியும் தேனியும்தான் ஞாபகத்துக்கு வரும். திருவொற்றியூரிலிருந்து வண்டியை வடக்கே விட்டால் எண்ணூர், காட்டுப்பள்ளி கடலோரத்தில் பனையும் சவுக்கும். இன்னும் மேலே போனால் பழவேற்காடு பறவைகள் சரணாலயம். கும்மிடிப்பூண்டி பக்கம் காப்புக்காடுகள். எல்லை தாண்டினால் சனி, ஞாயிறுகளில் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிற நாகலாபுரம் மலை. மாசி பிறந்துவிட்டால் இத்தனையும் ஒரு பீடித் துண்டில் பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும்.

ஊர் இளைஞர் மன்றம், ஏரி பாதுகாப்புக் குழு, பறவை பார்ப்பவர்கள், மலையேறுபவர்கள், காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வனத்துறை ஆட்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதி சமவெளி, அதுவும் கடலோரம். இங்கே தீயின் போக்கைத் தீர்மானிப்பது காற்று. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

படி 1: என்ன எரியும் என்று பாருங்கள்

தை மாதத்தில் ஒருநாள் காலை இடத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். கையில் ஒரு வரைபடம் போதும், அலைபேசியில் இருந்தாலும் சரி. குறிக்க வேண்டியது மரங்களை அல்ல. பென்சில் தடிமனுக்குக் கீழே உள்ள காய்ந்த சமாசாரம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். புல், சருகு, சுள்ளி இவைதான் தீயைப் பரப்புபவை. காலைப் பனியில் நனைந்திருந்தாலும் ஒன்றிரண்டு மணி நேர வெயிலில் மறுபடி முறுகிவிடும். தடித்த கட்டை பற்ற நேரமெடுக்கும், அணையவும் நேரமெடுக்கும்.

நம் பக்கத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை நான்கு. கோரையும் சம்பும் ஏரி வற்றியதும் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும், பற்றினால் படபடவென்று வெடித்துக்கொண்டு ஓடும். சவுக்குத் தோப்பில் தரை முழுக்க ஊசிச் சருகு மெத்தையாகக் கிடக்கும். மேலே தீ அணைந்தபின்னும் அதன் அடியில் கனல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பனையில் வெட்டாமல் தொங்கும் காவோலை, தீ கீழிருந்து உச்சிக்கு ஏற ஏணி. நான்காவது சீமைக்கருவேலம். பச்சையாக இருக்கும்போது அது அவ்வளவு எளிதில் பற்றாது. வெட்டி அங்கேயே குவித்துவிட்டுப் போன முள் குவியல்தான் ஆபத்து.

எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி ஈரத்தில் நிற்பதால் சாதாரணமாக எரியாது. அதை ஒட்டிய மேட்டுப் புல் எரியும், அந்தச் சூட்டில் ஓரத்து மரங்கள் கருகும்.

அப்புறம் குப்பை. காட்டின் ஓரத்தில் சாலையோரமாகக் கொட்டப்பட்ட பிளாஸ்டிக், டயர், தெர்மாகோல். இவை எங்கே கிடக்கின்றன என்பதைச் சிவப்பில் குறியுங்கள். தீ தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: அனுமதி, ஆட்கள், சட்டம்

சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ நீங்களாக ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது. முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் அந்தப் பகுதி வனக்காப்பாளர், அடுத்து வனவர், அதற்கு மேலே வனச்சரக அலுவலர். ரேஞ்சர் என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள். தீத்தடுப்புக் காவலர்களாகப் பருவகாலத்துக்கு மட்டும் உள்ளூர் ஆட்களை எடுப்பது வழக்கம். உங்கள் ஊரில் யாரை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு, சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும், அதற்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், எரியும் தீயை அப்படியே விட்டுவிட்டுப் போவதையும் தடை செய்கிறது. காப்புக்காடுகளுக்கு 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. பிரியாணிப் பாத்திரத்தோடு உள்ளே போகும் கூட்டத்திடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அடுப்பைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

படி 3: மாசிக்குள் தீத்தடுப்புக் கோடு

எரிய எதுவும் இல்லாத ஒரு பட்டையைத் தரையில் உருவாக்குவதுதான் தீத்தடுப்புக் கோடு. புல்லை வெட்டினால் மட்டும் போதாது. சருகையும் வேரையும் சுரண்டி, கீழே மண் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்கும் புல்லின் உயரத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம் வையுங்கள். ஆள் உயரக் கோரை பக்கத்தில் இருந்தால் நாலைந்து மீட்டர் தேவைப்படும்.

புதிதாக நீளமான கோடு போடுவது முதுகை ஒடிக்கும் வேலை. அதனால் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஏரிக்கரை, மாட்டு வண்டித் தடம், எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை போகும் பக்கிங்ஹாம் கால்வாய், உப்பு மண் திட்டுகள் இவையெல்லாம் ஆயத்தக் கோடுகள். இவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை இணைத்தால் பாதி வேலை முடிந்தது. வெட்டிய புல்லைக் கோட்டின் மீதே குவிக்காதீர்கள், காட்டுப் பக்கமும் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து வந்து மாட்டுக்குப் போடுங்கள், கேட்டு வாங்கிப்போக ஆள் உண்டு.

மலைக்காடுகளில் வனத்துறை, தீக்காலம் தொடங்கும் முன்பே ஈரம் இருக்கும்போது கோடுகளைத் தானே எரித்து வைக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் எரிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் கடலோரத்துக் காடு உலர் பசுமைமாறாக் காடு. காசான், வீரை, உலக்கைப்பாலை போன்றவை மெதுவாக வளர்பவை. முதுமலை போன்ற இலையுதிர் காட்டு மரங்கள் தீயைத் தாங்கும் அளவுக்கு இவை தாங்காது. திரும்பத் திரும்ப எரிந்த இடம் புல்லும் முள்ளுமாகப் போய்விடும். தவிர, பங்குனி வாக்கில் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடத் தொடங்கிவிடும். மண்வெட்டியால் சுரண்டும்போதுகூட அது தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால், அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளிக் கோடு போடுங்கள்.

படி 4: தீ வைப்பவர்களோடு பேசுங்கள்

இந்தியாவில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் வருகிறது. இடி விழுந்து பற்றுவது அபூர்வம். வடசென்னைச் சுற்றுவட்டாரத்தில் யார் யார் என்று எழுதிப் பார்த்தால், குப்பையைக் கொளுத்துபவர், செம்புக்காகக் கேபிளை எரிப்பவர், குடித்துவிட்டு பீடியை வீசுபவர், கரி சுடுபவர், போகிக்குப் பழையதையெல்லாம் ஏரிக்கரையில் போட்டுக் கொளுத்துபவர், புதுப்புல்லுக்காக நெருப்பு வைக்கும் ஆடுமாடு மேய்ப்பவர். காற்றில் உரசும் மின்கம்பியிலிருந்து பனை ஓலையில் பொறி விழுவதும் உண்டு. அதற்கு மின்வாரியத்தில் மனு கொடுத்து ஓலையை வெட்டச் சொல்ல வேண்டும்.

மேய்ப்பவரிடம் பேசுவதைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் சட்டம் பேசினால் அவர் தலையாட்டிவிட்டு, நீங்கள் போனதும் கொளுத்துவார். நான் கேட்ட பேச்சு ஒன்று இப்படிப் போனது:

“ஏன் தாத்தா, போன வருஷம் இந்தப் பக்கம் பத்த வெச்சது யாரு?”

“யாரு வெச்சா இன்னாப்பா? காஞ்ச புல்ல ஆடு வாயில வைக்காது. எரிஞ்சா ஒரு மழைக்கே தளதளன்னு வரும்.”

“மழை எப்போ வரும்? அது வரைக்கும் ஆடு எங்க மேயும்?”

தாத்தா பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கணக்கு அவருக்கும் தெரியும். மாசியில் எரித்தால் நல்ல மழைக்கு நாலைந்து மாதம் இருக்கிறது, ஐப்பசி அடைமழைக்கோ எட்டு மாதம். அதுவரை சாம்பல்தான். இந்தக் கணக்கை அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் பாதி காரியம் முடிந்தது. மீதிப் பாதி, கோடு போடும்போது வெட்டும் பச்சைப் புல்லை அவருக்குக் கொடுப்பது. பகல் முழுக்க அங்கேயே இருக்கும் மனிதர் அவர். அவரைவிட நல்ல காவலர் கிடைக்கமாட்டார். அவர் அலைபேசிக்கு மாதம் ஒரு ரீசார்ஜ் போட்டுவிடுவது உங்கள் குழு செய்யும் செலவுகளிலேயே உருப்படியான செலவு.

படி 5: காவல்

காலை 11 மணி முதல் மாலை 5 வரைதான் முக்கியமான நேரம். ஏரிக்கரை மேடு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி என்று உயரமான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முறை வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த புகை என்றால் பெரும்பாலும் புல், சருகு. கன்னங்கரேல் என்று சுருண்டு எழுந்தால் டயர், பிளாஸ்டிக். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் எழும் புகையையும் காட்டுப் புகையையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, எந்தத் திசையில் எந்த அடையாளம் தெரிகிறது என்று ஒரு அட்டையில் வரைந்து மாடியில் மாட்டிவிடுங்கள்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்த தீப்புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் அதன் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடத்திலும் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். செயற்கைக்கோள்களில் சூட்டைப் பார்க்கும் கருவிகளில், மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் அகலம், வீர்ஸ் கருவியினுடையது 375 மீட்டர். செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் கடக்கும். நம் புல் தீ அரை மணியில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுப் போய்விடும். இன்னொரு தொல்லை, ஆலைகளின் சுவாலையையும் உலைச் சூட்டையும்கூட அது தீப்புள்ளியாகக் காட்டக்கூடும். மணலி, எண்ணூர் பக்கம் புள்ளி தெரிந்தால் முதலில் அது எந்த வளாகத்துக்குள் விழுகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 6: தகவல் சொல்வது

புகை தெரிந்ததும் 101, இல்லையென்றால் 112. கூடவே வனக்காப்பாளருக்கு ஓர் அழைப்பு. “ஏரிக்கிட்ட நெருப்பு” என்று சொன்னால் எந்த ஏரி என்று தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெரிய சாலையிலிருந்து எந்த வழி, என்ன எரிகிறது, எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வீடோ பள்ளியோ இருக்கிறதா, தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று ஐந்தையும் சொல்லிவிட்டு, இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒருவரைச் சாலை முனையிலேயே நிறுத்துங்கள். காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் தீயணைப்பு வண்டி மணலில் இறங்கினால் புதைந்துவிடும். எது வரை வண்டி வரலாம் என்று உள்ளூர் ஆள் சொல்ல வேண்டும். கம்பி வேலிக் கதவு இருந்தால் அதன் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: கிட்டே போகும் முன் காற்றைப் பாருங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

எந்தத் தீக்கும் தலை, இரண்டு விலா, ஒரு வால் உண்டு. காற்று தள்ளும் பக்கம் தலை. அங்கேதான் வேகமும் உயரமும் அதிகம். காற்று வரும் பக்கம் வால், அங்கே தீ மெதுவாகப் பின்னோக்கி ஊரும். வாலிலிருந்து தொடங்கி விலா வழியே தலையை நெருக்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் சொல்லித்தரும் பாடம். சரியான பாடம்தான். ஆனால் நம் கடலோரத்தில் அதற்கு ஒரு பின்குறிப்பு வேண்டும்.

பங்குனி, சித்திரையில் காலையில் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ தரைக்காற்று அடிக்கும். பகல் 11-லிருந்து 2 மணிக்குள் கடற்காற்று நுழைந்து, திசை கிழக்கு அல்லது தென்கிழக்காகத் திரும்பும். கத்திரி வெயிலில் சில நாள் இன்னும் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்போது 11 மணிக்குப் பற்றிய தீ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தலை கிழக்கே போகிறது. நீங்கள் பாடப்படி மேற்கே வாலில் நிற்கிறீர்கள், முழங்கால் உயரச் சுவாலை, சுலபமான வேலை. 12 மணிக்குத் தென்கிழக்குக் காற்று நுழைகிறது. கிழக்கே போன தலை படுத்துவிடும். நீளமாகக் கிடக்கும் வடக்கு விலா முழுவதும், நீங்கள் நிற்கும் வாலும், ஒரே சமயத்தில் தலையாக மாறும். பத்து மீட்டர் அகலத்தில் இருந்த தலை இப்போது இருநூறு மீட்டர் அகலத்தில் உங்களைப் பார்த்து வரும். தீ சின்னதாக இருந்தபோது பாதுகாப்பாக இருந்த இடமே மோசமான இடமாகிவிடுகிறது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள். ஒன்று, கடலோரம் இருக்கும் நண்பர் ஒருவரைக் காற்றுக்குக் காவல் வையுங்கள். கடற்காற்று கரையிலிருந்துதான் உள்ளே நகரும். எண்ணூரில் திரும்பியதும் அவர் அழைத்துச் சொன்னால், செங்குன்றம் பக்கம் நிற்பவர்களுக்கு ஒதுங்க அவகாசம் கிடைக்கும். இரண்டு, எப்போதும் எரிந்து கருகிய பக்கமாக நின்றே வேலை செய்யுங்கள். ஒரு காலாவது கருகலில் இருக்க வேண்டும். காற்று திரும்பினால் உள்ளே நாலடி வைத்தால் போதும், எரிந்த இடம் மறுபடி எரியாது. மூன்று, புகைத்தூண் சாய்வு மாறினாலோ, காற்று திடீரென்று நின்று குளுமை தட்டினாலோ, யாரையும் கேட்காமல் எல்லோரும் கருகலுக்குள் போய்விட வேண்டும் என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவாலை எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். 1.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய இடுப்புக்குச் சற்று மேல் வரை இருந்தால் கைக்கருவிகளால் சமாளிக்கலாம். நெஞ்சைத் தாண்டினால் தன்னார்வலர் வேலை முடிந்தது. பின்னால் இருக்கும் கோட்டுக்குப் போய் நின்று, தாண்டி விழும் பொறியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: அடக்குவது

பருத்தி முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ. பாலியெஸ்டர் ஜெர்ஸி சூட்டில் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அதைப் போட்டு வந்தவரைச் சாலை முனைக்கு அனுப்புங்கள், வண்டிக்கு வழி காட்டட்டும். ஹவாய் செருப்புக்கும் இதே பதில்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். இலையடர்ந்த பச்சைப் புங்கங்கிளை அல்லது வேப்பங்கிளை, ஈரச் சாக்கு, மண்வெட்டி, அரிவாள், வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான். தெளிப்பானை மருந்து வாடை போகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்க வேண்டும்.

கிளையால் ஓங்கி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். தீயின் அடியில் கிளையை அழுத்தி, ஒரு கணம் வைத்து, கருகிய பக்கமாக இழுங்கள். மூச்சுக்காற்று கிடைக்காமல் தீ படுத்துவிடும். ஒருவர் அழுத்தி இழுத்துக்கொண்டே முன்னே போக, இன்னொருவர் தெளிப்பானோடு பின்னே வந்து சுவாலையின் அடியில், பற்றும் புல்லின் மேல் அடிக்க வேண்டும். சுவாலையின் உச்சியில் தண்ணீரை வீசுவது வீண். கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், தண்ணீர் குடியுங்கள். வெயிலும் சூடும் சேர்ந்து ஆளைச் சாய்ப்பது தெரியாமல் நடக்கும். தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் நிழலில் படுக்கவைத்து உடம்பை நனைத்து 108-ஐ அழையுங்கள்.

சாலையோ கால்வாயோ, தீ தாண்ட முடியாத ஓரிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவில் இறங்கினால் பின்னால் சுற்றி வளைத்துவிடும். எரியும் பனைக்கு அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். எரியும் ஓலை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. எதிர்த்தீ, அதாவது வரும் தீக்கு எதிரே உள்ளதை முன்கூட்டியே எரித்துவிடுவது, வனத்துறையின் அனுபவசாலிகள் வேலை. யூடியூபில் பார்த்துவிட்டு முயன்றால் இரண்டு தீயாகும், அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. சரிவு 10 பாகை கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. தீக்காலத்தில் பாதை மூடப்பட்டிருக்கிறது என்றால் குறுக்கு வழி தேடாதீர்கள். கீழே புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் பாறை, ஓடை, வெறுந்தரை என்று நகருங்கள். வேறு வழியே இல்லையென்றால் வெறுந்தரையில் கால்கள் தீயைப் பார்க்கும்படி குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்.

படி 9: அணைந்தது என்று நம்பாதீர்கள்

சுவாலை போனதும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறுநாள் பகல் காற்றில் மறுபடி கிளம்பும். ஓரத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் உள்வரை புகையும் கட்டை, வேர், சாணி எல்லாவற்றையும் தேடுங்கள். கையுறையைக் கழற்றிப் புறங்கையைத் தரைக்கு மிக அருகில் கொண்டுபோனால் சூடு தெரிந்துவிடும். சவுக்குச் சருகிலும் காய்ந்த சம்பிலும் மேலே தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடும், அடிக் கனல் அப்படியே இருக்கும். மண்வெட்டியால் கிளறி, ஊற்றி, மறுபடி கிளறி, சேறாகக் குழைக்க வேண்டும். அடுத்த நாள் கடற்காற்று நுழையும் நேரத்துக்கு இருவராவது அங்கே இருக்கட்டும்.

படி 10: அதற்குப் பிறகு

எரிந்த எல்லையைச் சுற்றி அலைபேசியில் தடம் பதிந்தபடி நடந்து, பற்றிய இடத்தைப் படமெடுத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். பற்றிய இடத்தில் கிடக்கும் பாட்டில், கேபிள் உறை எதையும் தொட வேண்டாம்.

உடனே மரம் நடும் விழா வைக்க யாராவது கிளம்பி வருவார்கள். வைகாசி வெயிலில் நட்ட கன்று ஆனிக்குள் காய்ந்துவிடும். காசானும் வீரையும் அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்க்க வாய்ப்புண்டு, ஐப்பசி மழை வரை பொறுங்கள். அதற்குள் செய்ய வேண்டியது, முந்திக்கொண்டு துளிர்க்கும் சீமைக்கருவேலத்தை வனத்துறை அனுமதியோடு வேரோடு பிடுங்குவதும், இளந்துளிரை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வதும். அந்தத் தாத்தாவிடம் எந்தப் பக்கம் மேய்க்கலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எல்லை வரைபடத்தின் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். அடுத்த தையில் கோடு எங்கே போட வேண்டும் என்று ரேஞ்சரோடு உட்காரும்போது அதைத்தான் முதலில் விரிக்க வேண்டியிருக்கும்.